குளிரில் துவக்குப் பிடிக்கும் கைக்குக் கையுறை: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு குளிர்க் கையுறை பற்றி எழுதுகிறேன் என்றால் சிரிப்பீர்கள். இங்கே தை மாத விடியற்காலையிலும் 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் எங்கள் வீடுகளில் பாதிப் பேர் ரொரன்ரோவிலும் ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகள் சிலர் இலக்குச் சுடும் விளையாட்டுக்குப் போகிறார்கள், சிலர் கார்த்திகையில் மான் வேட்டைக்குப் போகிறார்கள். நானும் ஒன்ராறியோவில் பல குளிர்காலங்களைக் கழித்துவிட்டுத்தான் கொக்குவிலுக்குத் திரும்பினேன். இப்போது பெறாமக்கள் தொலைபேசியில் கேட்பது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைத்தான்: "சித்தப்பா, எந்தக் கையுறை வாங்கினாலும் சரிவருகுதில்லை."

துவக்கு என்றதும் இங்கே பெரியவர்கள் சிலரின் முகம் மாறும். மாறத்தான் செய்யும். நான் சொல்வது பாதுகாப்புப் பாடநெறி படித்து, பரீட்சை எழுதி, உரிமம் எடுத்தவர்களின் விளையாட்டைப் பற்றி. கனடாவில் 2022 ஒக்ரோபர் 21 முதல் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் நிறுத்தப்பட்டிருப்பதால், புதிதாகத் தொடங்குபவர்களின் கையில் இருப்பது ரைபிளும் சொட்கன்னும்தான். இலங்கையில் துவக்குகளைப் பற்றிய 1916 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. உரிமம் இல்லாமல் எதையும் தொட வேண்டாம்.

கோளாறுகளுக்குப் போகுமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். குளிரில் சுடப் போகிறவரின் கைக்கு இரண்டு வேலை. ஒன்று, மணிக்கணக்கில் காத்திருப்பது. மற்றது, சில நொடிகள் சுடுவது. முதல் வேலைக்குச் சூடு வேண்டும், இரண்டாவதுக்கு உணர்வு வேண்டும். இரண்டையும் ஒரே சோடி செய்யும் என்று நம்பிக் காசைக் கொட்டுகிறார்கள். கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகிறது.

விரல் நுனி வலிக்கிறது, பிறகு விறைத்துப் போகிறது

உடனே இன்னும் தடிப்பான சோடி வாங்க ஓட வேண்டாம். முதலில் கையை மடக்கி முட்டி பிடித்துப் பாருங்கள். விரல் நுனியில் தோலோ துணியோ இழுபட்டால் கையுறை சிறிது. குளிரை மறிப்பது துணி அல்ல, துணிக்குள்ளே அடைபட்ட காற்று. நெரித்துப் போட்டால் காற்றுக்கும் இடமில்லை, இரத்தம் ஓடவும் வழியில்லை. உள்ளே ஒரு மெல்லிய சோடி, மேலே ஒரு தடித்த சோடி என்று இரண்டு போடுபவர்கள் பலர் மேல் சோடியைத் தங்கள் வழக்கமான அளவிலேயே வாங்கிவிடுகிறார்கள். மேலே போடுவது ஓரளவு பெரிதாக இருக்க வேண்டும். மணிக்கட்டில் இறுக்கும் எலாஸ்டிக்கையும் கைக்கடிகாரப் பட்டியையும் பாருங்கள். விரலில் உள்ள கோளாறுக்குக் காரணம் சில சமயம் அங்கே இருக்கும்.

அளவு சரியென்றால் ஈரத்தைப் பாருங்கள். கார் நிறுத்திய இடத்திலிருந்து காட்டுக்குள் அரை மணி நேரம் பையோடு நடந்தால் கை வியர்க்கும். அந்த வியர்வையோடு போய் அசையாமல் உட்கார்ந்தால், பதினைந்து நிமிடத்தில் விரல் கதறும். தண்ணீர் காற்றைப் போல ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்திவிடும். ஆகவே நடக்கும்போது மெல்லியதைப் போடுங்கள், அல்லது கையைச் சும்மா விடுங்கள். தடித்ததைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய், உட்கார்ந்த பிறகு காய்ந்த கையில் போடுங்கள். உள் சோடி பருத்தியென்றால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ வாங்குங்கள். கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்கு அளவுக்கு ஈரத்தை உறிஞ்சியும் சூடு தரும். பருத்தி நனைந்தால் பனிக்கட்டியைக் கட்டிக்கொண்டு இருப்பதற்குச் சமம்.

காய்ந்திருக்கிறது, அளவும் சரி, ஆனாலும் விறைக்கிறதா? அப்படியென்றால் குறை கையில் இல்லை, உடம்பில். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால், நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்ற உடம்பு கை கால்களுக்கான இரத்தத்தைக் குறைத்துவிடும். அந்த நிலையில் எவ்வளவு விலையுள்ள கையுறை போட்டாலும் உள்ளே காப்பாற்றச் சூடே இருக்காது. தொப்பி, கழுத்துத் துணி, நெஞ்சுக்கு இன்னுமொரு அடுக்கு, வயிற்றுக்குச் சாப்பாடு. இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சிகரெட் நாளங்களைச் சுருக்கும், ஆகவே "குளிருக்கு ஒன்று" என்பது விரலுக்கு எதிரி. பனிச்சறுக்கிக்கொண்டே 50 மீற்றரில் சுடும் பயத்லோன் வீரர்களைப் பார்த்திருப்பீர்கள். வெப்பம் -20 பாகைக்குக் கீழே போனால் போட்டியைத் தொடங்கமாட்டார்கள். அந்த எல்லைக்குக் கிட்டேயும் அவர்கள் போடுவது மெல்லிய கையுறைதான். அவர்களுடைய கையைச் சூடாக வைத்திருப்பது அவர்கள் ஓடிவந்த ஓட்டம். அசையாமல் உட்கார்ந்திருக்கும் வேட்டைக்காரர் அவர்களைப் பார்த்து அதே கையுறையை வாங்கினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

காற்றும் ஒரு காரணம். கம்பளி எவ்வளவு நல்லதென்றாலும் காற்று அதை ஊடுருவிப் போகும். மேலே காற்றுப் புகாத ஒன்று வேண்டும். வெப்பமானியை மட்டும் நம்பாமல், காற்றையும் சேர்த்துச் சொல்லும் குளிர்க் குறியீட்டைப் பாருங்கள். அது -28 ஐத் தொட்டால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும் என்பது கனடாவின் வானிலைத் துறை சொல்லும் கணக்கு. -40 என்றால் 5 முதல் 10 நிமிடம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் குறை தீரவில்லையென்றால், ஐந்து விரலுக்கும் தனித்தனி வீடு கட்டிய கையுறையை விட்டுவிடுங்கள். நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் மிட்டனுக்கு மாறுங்கள். குளிருக்குக் காட்டும் பரப்பு குறைவு, விரல்கள் ஒன்றின் சூட்டை ஒன்று வாங்கும். சுடத்தானே முடியாது என்பீர்கள். சுடுவதற்கு அல்ல, காத்திருப்பதற்கு. உள்ளே மெல்லிய சோடி, மேலே கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மிட்டன். நேரம் வந்தால் வலது கை மிட்டனை உருவி விட்டால் போதும். கீழே விழாது, சத்தமும் இல்லை.

இதைவிடவும் எனக்குப் பிடித்தது இடுப்பில் பட்டியோடு கட்டும் உருளை உறை. இரண்டு பக்கமும் திறந்திருக்கும், இரண்டு கையையும் உள்ளே நுழைத்துக்கொண்டு உட்காரலாம். அதற்குள் ஒரு சூடாக்கிப் பொட்டலத்தையும் போட்டுவிட்டால், மெல்லிய கையுறையோடு முழு நாளும் தாங்கலாம். பார்ப்பதற்கு அழகில்லை, அதனால் இளசுகள் வாங்கமாட்டார்கள். இருநூறு டொலர் கையுறையைவிட இது வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை. வலி நின்று விரல் வெள்ளையாகவோ மெழுகு நிறமாகவோ மாறினால், அன்றைய வேட்டை முடிந்தது. தேய்க்க வேண்டாம், பனியால் உரச வேண்டாம், அடுப்புக்கு முன் நீட்ட வேண்டாம். உள்ளே போய் 37 முதல் 39 பாகை வரையான தண்ணீரில் வைத்து, வைத்தியரிடம் காட்டுங்கள். மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால் வழியில் இளக வைக்க வேண்டாம். குளிர் பட்டாலே விரல் வெளுத்து நீலமாகும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது கையுறைக் கடையில் தீராது, வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும்.

விசையில் விரல் பட்டது தெரியவில்லை. நினைக்கும் முன்னே வெடித்தது

எல்லாக் கோளாறுகளிலும் இதுதான் ஆபத்தானது. ஒருமுறை நடந்தாலே அந்தக் கையுறையோடு அன்றைக்குச் சுடுவதை நிறுத்துங்கள். குழல் பாதுகாப்பான திசையில் இருந்தபடியால் தப்பினீர்கள். அதிர்ஷ்டத்தைத் திரும்பவும் கூப்பிட வேண்டாம்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது தடிப்பு. விசையைச் சுற்றி இருக்கும் வளையத்துக்குள் போகும்போதே தடித்த விரல் விசையை அழுத்திவிடுகிறது. இதைச் சோதிக்க, துவக்கில் ரவை (தோட்டா) இல்லை என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு தரம் பாருங்கள், குழலைச் சுடுதளத்தின் மண்மேட்டுப் பக்கம் வையுங்கள், பிறகு கையுறையோடு விரலை வளையத்துக்குள் மெதுவாக நுழையுங்கள். விசையைத் தொடாமல் உள்ளே போய், தொடாமல் வெளியே வர வேண்டும். உரசினால் அந்தத் துவக்குக்கு அந்தக் கையுறை ஆகாது. பேரம் பேச இடமில்லை.

குளிர் நாட்டு இராணுவங்கள் இந்தச் சிக்கலைத் துவக்கிலேயே தீர்த்திருக்கின்றன. கனடாவின் வடக்கே காவல் செய்யும் ரேஞ்சர்களுக்குப் பழைய லீ என்பீல்டுக்குப் பதிலாகக் கொடுத்த சி-19 ரைபிளில் விசை வளையமும் போல்ட் கைப்பிடியும் கையுறைக் கைக்கென்றே பெரிதாகச் செய்யப்பட்டவை. சுவிஸ் படையின் எஸ்.ஐ.ஜி. 550 ரைபிளில் வளையத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடலாம். கடையில் வாங்கும் வேட்டை ரைபிள்களில் வளையத்தின் அளவு ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். ரைபிள் வாங்கப் போகும்போதே குளிர்காலக் கையுறையையும் கொண்டு போகச் சொல்லி நான் பிள்ளைகளுக்குச் சொல்வது அதனால்தான்.

இரண்டாவது காரணம், கையுறை மெல்லியது, ஆனால் விரல் செத்துவிட்டது. விரல் தோலின் வெப்பம் 15 பாகைக்குக் கிட்ட இறங்கும்போதே விரல் வேலையின் நுணுக்கம் குறையத் தொடங்கும். 8 பாகைக்குக் கிட்டப் போனால் தொடு உணர்வே போய்விடும். அந்த விரலுக்கு மெல்லிய ஆட்டுத்தோலும் ஒன்று, செங்கல்லும் ஒன்று. "மெல்லிசாப் போட்டால் விசை தெரியும்" என்று குளிரில் மணிக்கணக்கில் மெல்லிய சோடியோடு இருப்பவர்களுக்கு நடப்பது இதுதான். திரும்ப முதல் கோளாறுக்குப் போய், காத்திருக்கும் நேரத்துச் சூட்டைத் திருத்துங்கள்.

மூன்றாவது, வழுக்கும் அடுக்குகள். தண்ணீர் புகாத கையுறைகள் பலவற்றில் வெளித்தோல், நடுவே ஒரு சவ்வு, உள்ளே பஞ்சு என்று மூன்று அடுக்கு தனித்தனியாகக் கிடக்கும். விரலை அசைத்தால் உள்ளடுக்கு முதலில் நகரும், வெளியடுக்கு பிறகு நகரும். விசையின் எதிர்ப்பை நீங்கள் உணரும் நேரத்தில் விசை ஏற்கனவே பின்னுக்குப் போயிருக்கும். கடையில் கையுறையின் ஆள்காட்டி விரல் நுனியைப் பிடித்து உருட்டிப் பாருங்கள். துணி துணியின் மேல் வழுக்கினால் சுடும் கைக்கு அதை வாங்க வேண்டாம். மறு கைக்கு அது பரவாயில்லை. இரண்டு கைக்கும் ஒரே சோடிதான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. துவக்கைத் தாங்கும் கைக்குத் தடிப்பாகவும், சுடும் கைக்கு மெல்லியதாகவும் போடுபவர்கள் நிறையப் பேர்.

ஆள்காட்டி விரல் நுனியைக் கத்தரியால் வெட்டிவிடுவது பரவலான வேலை. எனக்குப் பிடிக்காது. வெட்டிய இடம் பிரிந்து நூல் தொங்கும், அந்த நூல் விசைக்குப் பக்கத்தில் ஆடும், திறந்த நுனி உலோகத்தில் பட்டு முதலில் விறைப்பதும் அந்த விரல்தான். நுனியை மடித்துக் காந்தத்தால் பின்னுக்கு ஒட்டும் வகை இருக்கிறது, அல்லது உள்ளங்கைப் பக்கம் கீறல் விட்ட மிட்டன் இருக்கிறது. விரலைக் கீறலால் வெளியே எடுத்துச் சுட்டுவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளலாம். அந்த விரலில் மெல்லிய உள் சோடி இருக்கட்டும்.

செட் ட்ரிகர், அதாவது விசையை முன்னே தள்ளி வைத்தால் தொட்டவுடன் வெடிக்கும் வகை, சில ஐரோப்பிய வேட்டை ரைபிள்களில் உண்டு. கையுறையோடு அதைப் பாவிக்கவே வேண்டாம். பாதுகாப்புப் பூட்டு விழுந்திருக்கிறதா என்பதையும் கையுறை விரலால் தடவிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், குனிந்து கண்ணால் பாருங்கள்.

சுட்ட பிறகு விசை முன்னுக்கு வரவில்லை

துவக்கு பழுது என்று கடைக்குக் கொண்டு போகுமுன் கையுறையைக் கழற்றிவிட்டுச் சுட்டுப் பாருங்கள். விரல் நுனியில் மிச்சமாகக் கிடக்கும் தோல் மடிந்து, விசைக்கும் வளையத்தின் முன்பக்கத்துக்கும் இடையில் ஆப்பு மாதிரி சிக்கிக்கொள்ளும். பாதி அளவு திரும்பிய விசையை மறுபடி அழுத்தினால் வெடிக்காது, அல்லது நீங்கள் எதிர்பாராத இடத்தில் வெடிக்கும். விரல் நீளம் சரியான சோடி வாங்குவது ஒன்றே மருந்து. எங்கள் ஆட்களுக்கு இது அடிக்கடி வரும். உள்ளங்கைக்குப் பொருந்தும் அளவை வாங்கினால் விரல் நுனி அரை அங்குலம் வெறுமையாகக் கிடக்கிறது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கம்பனிக்குக் கம்பனி விரல் நீளம் மாறும், பொருந்துவது கிடைக்கும் வரை போட்டுப் பாருங்கள்.

வெறுங்கையில் நடுவில் விழுகிறது; கையுறையோடு பக்கத்துக்குப் போகிறது

ஒரே தூரம், ஒரே இலக்கு, ஒரே ரவை. ஐந்து வெறுங்கையோடு, ஐந்து கையுறையோடு சுட்டுத் தாளை ஒப்பிடுங்கள். துளைகளின் கூட்டம் முழுதாக நகர்ந்திருந்தால் காரணம் கையுறை. கூட்டமே சிதறியிருந்தால் குளிரில் நடுங்குகிறீர்கள், உள்ளே போய்த் தேநீர் குடியுங்கள்.

வலது கைக்காரருக்குச் சன்னம் இடப்பக்கம் போனால், தடித்த விரல் விசையை நேரே பின்னுக்கு இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளுகிறது, அல்லது விரலின் அடிப்பகுதி கட்டையில் உரசி ரைபிளை நகர்த்துகிறது. விரலுக்கும் கட்டைக்கும் இடையில் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பிடியைக் கொஞ்சம் மாற்றுங்கள், அல்லது மெல்லியதுக்கு மாறுங்கள். ரைபிளின் மேலுள்ள குறிபார்க்கும் கண்ணாடியைக் கையுறைக்கு ஏற்பத் திருப்பி வைப்பது மட்டும் வேண்டாம். கோடையில் திரும்பவும் அதே தொல்லை.

ரவை கைநழுவிப் பனியில் விழுகிறது

12 ஆம் நம்பர் சொட்கன் ரவை பெரியது, எந்தக் கையுறையோடும் போட்டுவிடலாம். .22 ரவைதான் மானத்தை வாங்கும்: ஒரு அங்குல நீளம், பென்சிலைவிட மெல்லியது. இதற்காகக் கையுறையை மாற்றுவதைவிட வேலையை மாற்றுங்கள். வீட்டிலேயே, சூட்டிலேயே மகசீன்களை, அதாவது ரவை அடுக்கும் பெட்டிகளை, நிரப்பிக்கொண்டு போங்கள். துவக்கும் மகசீனும் பயணத்தில் பிரிந்தே இருக்கட்டும், நீங்கள் இருக்கும் மாகாணத்துச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பனியில் விழுந்த ரவையைத் துடைக்காமல் திரும்பப் போட வேண்டாம். ஈரம் உள்ளே போய் உறைந்தால் ரவை குழலின் அறைக்குள் சிக்கும்.

துவக்கு வழுக்குகிறது

கம்பளி உள் சோடியை மட்டும் போட்டுக்கொண்டு வழுவழுப்பான பிளாஸ்டிக் கட்டையைப் பிடித்தால் வழுக்கும். உள்ளங்கையில் ஆட்டுத்தோல் அல்லது மான்தோல் வைத்த சோடி வேண்டும். ஆட்டுத்தோல் மெல்லியது, உறுதியானது. மான்தோல் நனைந்து காய்ந்தாலும் மென்மை போகாது. மாட்டுத்தோல் விறகு வெட்ட நல்லது, விசைக்கு அல்ல. உள்ளங்கையில் சிலிக்கன் புள்ளி வைத்தவையும் பரவாயில்லை, ஆனால் அந்தப் புள்ளி ஆள்காட்டி விரல் நுனியில் இருந்தால் விசையில் ஒட்டும்.

முட்டியில் கடினமான பிளாஸ்டிக் கவசம் வைத்து, படைவீரர் போடுவது என்று விற்கும் சோடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை பெரும்பாலும் வெயில் நாட்டுக்குச் செய்தவை. உள்ளே பஞ்சே இருக்காது. படத்துக்கு நன்றாக இருக்கும்.

கையை எடுத்தால் உள்ளுறையும் கூடவே வருகிறது

ஈரக் கையோடு கழற்றினால் தைக்காத உள்ளுறை புரண்டுவிடும். ஒவ்வொரு விரல் நுனியையும் மறு கையால் பிடித்து இழுத்துக் கழற்றுங்கள். புரண்டுவிட்டால் பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு விரலாகத் தள்ளுங்கள், பொறுமை வேண்டும். அடுத்த முறை நுனியில் உள்ளும் வெளியும் சேர்த்துத் தைத்ததைப் பார்த்து வாங்குங்கள்.

சூடாக்கிப் பொட்டலம் சூடாகவில்லை

அந்தப் பொட்டலத்துக்குள் இருப்பது இரும்புத் தூள், உப்பு, கரி, கொஞ்சம் ஈரம். இரும்பு காற்றோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது வரும் சூடுதான் அது. ஆகவே காற்று வேண்டும். பிரித்த உடனே காற்றுப் புகாத கையுறைக்குள் திணித்தால் அணைந்துவிடும். முதலில் வெளியே வைத்து உலுக்கி, சூடு ஏறிய பிறகு உள்ளே வையுங்கள். உள்ளங்கையில் வைத்தால் பிடி கெடும். புறங்கையில் அல்லது மணிக்கட்டின் உட்பக்கத்தில், இரத்தம் ஓடும் இடத்தில் வையுங்கள். தோலில் நேரே பட விட வேண்டாம், விறைத்த தோலுக்குச் சூடு பட்டதும் தெரியாது. பழைய பொட்டலம் கட்டியாகிப் போயிருந்தால் போனதுதான்.

கையுறை சரி, ஆனாலும் ரவை வெடிக்கவில்லை

இது கையுறைக் கோளாறு அல்ல, ஆனால் பழி அதன் மேல் விழுவதால் சொல்கிறேன். கோடையில் பூசிய தடித்த எண்ணெய் குளிரில் பிசினாகி, அடி ஊசியை மெதுவாக்கிவிடும். குளிருக்கு முன் நன்றாகத் துடைத்து, குளிரிலும் இளகி நிற்கும் மெல்லிய எண்ணெய் கொஞ்சம் பூசுங்கள். வெடிக்காத ரவை உள்ளே இருக்கும்போது குழலை அசைக்காமல் பாதுகாப்பான திசையிலேயே பிடித்து, பாடநெறியில் சொல்லிக்கொடுத்த நேரம் வரை பொறுத்த பிறகுதான் திறக்க வேண்டும். அந்த அவசரத்தில் மிட்டனைக் கழற்ற மறந்து தடுமாறுபவர்களைக் கண்டிருக்கிறேன்.

தோல் கல்லுப்போல் ஆகிவிட்டது

ஹீற்றரில் காயவைத்திருப்பீர்கள். தோல் சுருங்கி வெடித்துவிடும், திரும்ப வராது. அடுத்த முறை உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, அறைச் சூட்டில் ஒரு நாள் விடுங்கள். பாதி காய்ந்திருக்கும்போது போட்டுக் கையை மடக்கி நீட்டினால் மென்மை திரும்பும்.

உள்ளங்கை கறுத்துப் போயிருக்கிறது

அது கரி மட்டும் அல்ல, ஈயமும் அதில் இருக்கும். சன்னத்திலிருந்தும் ரவையின் பின்பக்கத்து வெடிமருந்திலிருந்தும் வருகிறது. மூடிய சுடுதளங்களில் இன்னும் கூட. அந்தக் கையுறையோடு முகம் துடைப்பதும், வடை சாப்பிடுவதும், பிறகு அதே சோடியோடு பிள்ளையைத் தூக்குவதும் வேண்டாம். சுடும் கையுறை சுடுவதற்கு மட்டும். தனிப் பையில் வையுங்கள், பிள்ளைகளின் குல்லாவோடு ஒரே கூடையில் போடாதீர்கள். கழற்றியதும் குளிர்ந்த தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கை கழுவுங்கள். கழுவக்கூடிய உள் சோடியை வீட்டு உடுப்போடு சேர்க்காமல் தனியே துவையுங்கள்.

இங்கிருந்து வாங்கி அனுப்பலாமா?

அம்மாக்கள் கேட்பது இது. இலங்கை உலகத்துக்கே இறப்பர் கையுறை செய்து அனுப்பும் நாடு. பியகமவில் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆனால் அவை வைத்தியசாலைக்கும் தொழிற்சாலைக்கும் சமையலறைக்கும் உரியவை. யாழ் நகரக் கடைகளில் தொங்கும் மோட்டார் சைக்கிள் கையுறை வெயிலுக்கும் விழுந்தால் தோல் உரியாமலும் போடுவது. நுவரெலியாக் குளிருக்குப் போதும், கனடாக் குளிருக்கு அது பேப்பர். கொழும்பில் ஏற்றுமதியில் மிஞ்சிய குளிருடுப்பு விற்கும் கடைகளில் நல்ல கம்பளி உள் சோடி சில நேரம் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கி அனுப்பலாம். மேல் சோடியை அங்கே, அவர்களே, தங்கள் கையில் போட்டுப் பார்த்து வாங்கட்டும்.

அளவு எடுக்க ஒரு விஷயம். பெருவிரலை விட்டுவிட்டு, முட்டிகளுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையைச் சுற்றித் தையல் நாடாவால் அளவுங்கள். 8 அங்குலம் வந்தால் பொதுவாக 8 ஆம் அளவு. ஆனால் இங்கத்தை வெயிலில் விரல் கொஞ்சம் வீங்கியிருக்கும், அங்கே குளிரில் சுருங்கும். இங்கே தளராத மோதிரம் அங்கே கழன்று விழுவது அதனால்தான். விடுமுறைக்கு வந்து நிற்கும் பிள்ளையின் கையை மத்தியான வெயிலில் அளக்காமல், காலையில் குளித்த பிறகு அளவுங்கள்.

கைக்கு வந்த சோடியைச் சோதிக்க வீட்டு பிரீசரே போதும், அது ஏறக்குறைய -18 பாகை. ஒரு முக்கால் அங்குலத் தண்ணீர்க் குழாய்த் துண்டை இரவு முழுதும் அதற்குள் வையுங்கள். காலையில் கையுறையோடு எடுத்து, துவக்கைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உள்ளங்கை குத்தினால், துவக்கைத் தாங்கும் கைக்கு அது போதாது. பிறகு இரண்டு பென்சில்களை அங்குலத் துண்டுகளாக வெட்டி மேசையில் பரப்பி, சுடும் கைக் கையுறையோடு ஒவ்வொன்றாக எடுத்து ஒரு போத்தல் வாய்க்குள் போட்டுப் பாருங்கள். பத்தில் குறைந்தது எட்டுத் துண்டு உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால் அந்தச் சோடியைக் கிணற்றுக் கப்பிக் கயிறு இழுக்க வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நன்றாக இருக்கும்.